இருபத்தேழு ஊமைக் கட்டைகள்

1

இந்தக் கதை முதலில் ஒரு புகார் மனு. ஆவடி குவார்ட்டர்ஸ் நலச்சங்கத் தலைவருக்கு நான் எழுதி, நான்கு முறை திருத்தி, கொடுத்தும்விட்டேன். ‘மேல் வீட்டில் தினமும் மாலை ஐந்து முதல் எட்டு வரை மரத்தை இடிக்கிறார்கள்’ என்று ஆரம்பிக்கும். நான் எழுதியதிலேயே பிறர் கடைசிவரை படித்தது அது ஒன்றுதான்.

2

தொடக்கம் (அ): கிருஷ்ணப்பிரியாவின் விரல்கள் பிறக்கும்போதே

அடித்துவிட்டேன். பிறக்கும்போது விரலை யார் பார்த்தார்கள்?

தொடக்கம் (ஆ): மேல் வீட்டுத் திருவேங்கடம், ராணுவ டேங்க் தொழிற்சாலையில் ஃபிட்டர். மகள் கிருஷ்ணப்பிரியாவுக்குப் பியானோ ஆசை. கச்சேரிப் பியானோவில் எண்பத்தெட்டுக் கட்டைகள். அவர் வாங்கிவந்த கீபோர்டில் அறுபத்தொன்று. மீதி இருபத்தேழையும் மரத்தில் இழைத்து, கறுப்பு வெள்ளை பெயின்ட் அடித்து, இடப்பக்கம் பதினைந்து, வலப்பக்கம் பன்னிரண்டு என்று பொருத்திவிட்டார். அளவு ஒரு நூல் பிசகவில்லை.* சத்தம் மட்டும் வராது.

* டேங்க் உதிரிபாகத்தை அளக்கும் கருவியால் அளந்தது. அதை வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது. எடுத்துவந்தார் என்று நான் எழுதவில்லை.

3

அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வேண்டாமென்று அவள் ஹெட்போன் மாட்டித்தான் வாசிப்பாள். கீபோர்டின் இசை அவள் காதுக்குப் போகும். விரல் மரக்கட்டையில் விழும் ‘டொக்’ மட்டும் எனக்கு வரும். பதினோரு வருடம் நான் அவள் இசையில் இல்லாத ஸ்வரங்களை மட்டுமே கேட்டேன்.

மனு போன மறுநாள் திருவேங்கடம் இறங்கி வந்தார். சண்டைதான் என்று சட்டையை மாட்டிக்கொண்டேன். 

“பாப்பா ராங்கா வாசிக்குதுன்னா சொல்லு சார், திருத்திக்கலாம். சத்தம் கேக்குதுன்னு எழுதிக் குடுத்துகீற. அதுல சத்தமே வராது சார், நானே செஞ்சது.”

மாட்டிய சட்டையைக் கழற்றி மறுபடி ஆணியில் தொங்கவிட்டேன்.

(அவளுக்குச் சொல்லித்தந்த டீச்சர் வீட்டில் நிஜப் பியானோ இல்லையா என்பீர்கள். முகப்பேர் ஹேமாவதி டீச்சரிடம் இருந்தது. அதன் இரண்டு ஓரங்களையும் கரையான் தின்றுவிட்டது. நம்பும்படி இல்லைதான். மாற்றினால் கதை விழுந்துவிடும், விட்டுவிடுங்கள்.)

4

முதல் தனிக் கச்சேரி. முன்வரிசையில் மூன்று நடுவர்கள். அவர்களுக்குப் பிடித்தால் வியன்னாவில் இரண்டு வருடப் படிப்பு. வயது வரம்பு இருபத்திரண்டு. அவளுக்கு அடுத்த மாதம் முடிகிறது. மேடைப் பியானோவை அதுவரை சுருதி சேர்த்துக்கொண்டிருந்ததால் ஒத்திகைக்கு விடவில்லை. தினமும் கேட்டவன் என்ற முறையில் திருவேங்கடம் எனக்கும் டிக்கெட் தந்திருந்தார்.

வாசித்தாள். அந்த டொக்குகளுக்கு நடுவே இவ்வளவு அழகு இருந்திருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அழுதேன், மறைப்பானேன்.

பிறகு இடது கை ஓரத்துக்குப் போனது. என் காது டொக்குக்குத் தயாரானது. பியானோ உறுமியது.

கிருஷ்ணப்பிரியா கையை எடுத்துவிட்டு, பக்கத்தில் யார் வாசித்தது என்று திரும்பிப் பார்த்தாள். மறுபடி தொட்டாள். மறுபடியும் உறுமல். கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

5

முடிவு (அ): அவள் சிரித்துக்கொண்டே தொடர்கிறாள். விமானம். பனி. (எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவு (ஆ): திருவேங்கடம் ஸ்க்ரூ டிரைவருடன் மேடையேறி, இந்தக் கட்டையில் ஏதோ கோளாறு, சத்தம் வருகிறது என்று கழற்றத் தொடங்குகிறார். எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் அவர் அசையவில்லை. அந்த மௌனமும் பாட்டில் உள்ளது என்று நினைத்து, கண்ணை மூடி ரசித்துக்கொண்டிருந்தார்.

6

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அவள் கண் சபையில் தேடியது. என்மேல் வந்து நின்றது. அவளுக்குத் தேவை, ஹெட்போனைத் தாண்டி அவளும் கேட்டுப் பழகிய ஒரு டொக். அது விழுந்தால் அடுத்த ஸ்வரத்துக்கு விரல் தானாகப் போய்விடும். அந்த ஹாலில் இது தெரிந்தவன் நான் ஒருவன். காலைத் தூக்கித் தரையில் ஒரு முறை இடித்திருக்கலாம். பக்கத்து சீட்டு அம்மாள் என்ன நினைப்பாரோ என்று உட்கார்ந்திருந்தேன். நடுவர் ஒருவர் பேனாவை மூடினார். அவள் எழுந்து கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள்.

வெட்கமாக இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஆகவே இந்தப் பிரதியில் நடுவர் இன்னும் பேனாவை மூடவில்லை. அவள் கை அந்தரத்தில்தான் இருக்கிறது. என் காலை நான் நம்பத் தயாரில்லை. என் இடத்தில் உங்களை உட்காரவைத்துவிட்டு வெளியே போகிறேன். கொஞ்சம் பலமாகவே இடியுங்கள், மேடை தூரம்.