ஒரு மத்தியானத்தில் ஒரு வருஷம்

ஜூன் மாதத்துக்கு வந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது.

வருஷக் கடைசியில் வீட்டுப் படங்களைப் பொறுக்கியெடுத்து, மாதத்துக்கு இரண்டு பக்கமாக அடுக்கி, கெட்டி அட்டை போட்டுப் புத்தகமாக அச்சடித்து வாங்குவது கல்யாணமான நாளிலிருந்து அவள் வைத்துக்கொண்ட வழக்கம். இரண்டு பிரதிகள். ஒன்று கூடத்து அலமாரிக்கு. இன்னொன்று கடல் தாண்டி இருக்கும் அண்ணிக்கு, அதாவது கணவனின் அக்காவுக்கு. பல் மருத்துவர் ஒருவரின் முன்னறையில் உட்கார்ந்து, கன்னம் வீங்கி வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது அவள் வேலை. அது ஒழிந்த நேரத்தில் மகளின் படங்களையும் கடலோரப் படங்களையும் இழுத்து இழுத்துப் பக்கங்களில் பொருத்துவது அவளுக்குப் பிடித்த காரியம். இந்த வருஷம் அதற்கு நடுவில் அண்ணியின் செய்தி வந்து விழுந்தது. 'அப்பா உங்க வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகுது. இந்தத் தடவை அவர் படம் நிறையப் போடு. ஆசையா காத்துட்டு இருக்கேன்.'

ஜனவரியிலிருந்து தேடிக்கொண்டு வந்தாள். ஜூன் வரைக்கும் மாமனார் இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு டிசம்பர் வரை ஓட்டிப் பார்த்தாள். இல்லை.

எங்கேயும் போய்விடவில்லை மனிதர். வீட்டில்தான் இருந்தார். மகளின் பிறந்தநாளில் எல்லோரும் கேக்கைச் சுற்றி நின்றபோது, "மாமா, ஒண்ணு எடுத்துடுங்களேன்" என்று அவர் கையில் போனைத் திணித்தவள் அவள்தான். கடற்கரைக்குக் கிளம்பிய அன்று, "உங்களுக்குக் கால் வலிக்கும், நீங்க ஓய்வா இருங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனவளும் அவள்தான். கால் வலிக்கிறது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஒரே ஒரு படத்தில் சோபாவின் ஓரத்தில் அவருடைய முழங்கை இருந்தது. பக்கத்தின் அழகைக் கெடுக்கிறதென்று போன வாரம்தான் அதை வெட்டியிருந்தாள்.

அவருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு நடந்தது, மாத்திரை நடந்தது, துவைத்து மடித்த துண்டு கட்டிலுக்கு வந்தது. யாராவது கேட்டால் சொல்வதற்கு இதெல்லாம் அவள் நாக்கு நுனியில் எப்போதும் இருந்தது. இத்தனை நாளும் யாரும் கேட்காமலேயே மனசுக்குள் அதை ஒப்பித்துக்கொண்டு இருந்திருக்கிறோம் என்பது இப்போதுதான் தெரிந்தது. காது மடல் சுட்டது. அப்போதும், பாவம் இந்த மனுஷர் என்று முதலில் தோன்றவில்லை. அண்ணி என்ன நினைப்பாள் என்றுதான் தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் பின்னறைக்குப் போனாள். இஸ்திரி மேஜையும் பழைய பெட்டிகளும் போக மிச்சமிருந்த இடத்தில் அவருடைய கட்டில்.

"மாமா, உங்க சட்டையெல்லாம் கொஞ்சம் எடுங்களேன். சும்மா நாலு படம் எடுக்கலாம்."

"எத்தனை சட்டை?"

"இருக்கிறதெல்லாம்."

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுந்து கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்தார். "ஸ்வெட்டரும் எடுத்துக்கறேன். ஜனவரிக்கு வேணுமே."

அவளுக்கு நிற்கவும் முடியவில்லை, திரும்பிப் போகவும் முடியவில்லை. அவரோ சட்டைகளை உதறி, எது எந்த மாதத்துக்கு என்பதுபோலக் கட்டிலில் வரிசையாகப் பரப்ப ஆரம்பித்துவிட்டார்.

கணவன் சோபாவிலிருந்து தலையைத் தூக்கி, "என்ன, ஒரு வருஷத்தையே வாடகைக்கு எடுக்கிறியா?" என்றான். அதற்குமேல் அவனும் எதுவும் கேட்கவில்லை. கூப்பிட்ட இடத்தில் வந்து நின்றான். மகளுக்குத்தான் கொண்டாட்டம். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். ஒரு படத்துக்குப் பின்னல், அடுத்ததற்குக் குதிரைவால் என்று மாற்றிக்கொண்டு, "தாத்தா, இப்ப நாம எந்த மாசம்?" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

"பிப்ரவரி. கொஞ்சம் நடுங்கு" என்றார் தாத்தா.

பால்கனியில் ஒன்று, மாடிப்படியில் ஒன்று, எதிரே இருந்த பூங்காவின் பெஞ்சில் மூன்று. அவள் படபடவென்று எடுத்துத் தள்ளியபோது அவர்தான் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அவசரப்படாதம்மா. இந்த ரெண்டு நாள் தாடியோட ஏப்ரல் வரைக்கும் எடுத்துடு. அப்புறம் நான் ஷேவ் பண்ணிட்டு வரேன், மே மாசத்தை ஆரம்பிக்கலாம்."

"பரவாயில்லை மாமா, யாரு அவ்வளவு கவனிக்கப் போறாங்க?"

"கவனிப்பாங்க. காலம் பூரா பஸ்ஸுல டிக்கெட் இல்லாம ஏறினவங்களைப் பிடிச்சவன் நான். எங்க கோட்டை விடுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? எல்லாப் படத்துலயும் பல்லைக் காட்டினா சந்தேகம் வரும். ஒண்ணு ரெண்டுல நான் தூங்கிட்டு இருக்கேன்."

சொன்னபடியே சாய்வு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தவள் கொஞ்சநேரம் எடுக்காமலே நின்றாள். இடது புருவத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு ஒரு பழைய தழும்பு இருந்தது. எப்படிப் பட்டதென்று அவளுக்குத் தெரியாது. அப்படி ஒன்று இருப்பதே இன்றுதான் தெரியும்.

"எடுத்தாச்சா?" என்றார், கண்ணைத் திறக்காமல்.

சாயங்காலம் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டே கேட்டார். "மார்ச்சுல நாம எங்கம்மா போனோம்? என் பொண்ணு போன்ல கேட்டா சொல்லணுமில்ல."

"பூங்காவுக்கு மாமா."

"யாரு கூப்பிட்டு?"

அவள் ஒரு சட்டையை இழுத்துப் பொத்தான் போட ஆரம்பித்தாள்.

"நீ கூப்பிட்டன்னு சொல்லிக்கிறேன்" என்றார் அவர் சாதாரணமாக.

புத்தகம் அச்சாகி, கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்த அன்று அண்ணி கூப்பிட்டாள். விடுமுறை நாள் காலை. கூடத்து மேஜையில் போனை வைத்து ஒலியைக் கூட்டினான் கணவன். மாமனார் ஈரத் தலையைத் துவட்டியபடி வந்து நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார்.

"அப்பா! மே மாசத்துல பத்து வயசு குறைஞ்சுட்டீங்களே! அந்த ஊதாச் சட்டை யாரு எடுத்துக் குடுத்தா?"

"எல்லாம் உன் தம்பி பொண்டாட்டிதான்." அந்தச் சட்டைக்கு ஏழு வயசாவது இருக்கும். "ஞாயித்துக்கிழமையானா வீட்டுல இருக்க விடமாட்டேங்கறாம்மா. வாங்க மாமா, வாங்க மாமான்னு ஒரே தொந்தரவு."

சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கன்னத்தில் விழுந்தது.

"இப்ப உண்மையைச் சொல்லிடறேன்பா" என்றாள் அண்ணி. "மாடியில ஒரு அறையை ஒழிச்சு, பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கேன். உங்களை இங்க கூட்டிட்டு வந்துடலாம்னு. இவர்கிட்டகூடப் பேசி முடிச்சுட்டேன். புக்கைப் பார்த்ததும் மனசே வரலை. பேத்தியைக் கட்டிக்கிட்டு அப்படிச் சிரிக்கிறீங்க. உங்களை அங்கேயிருந்து பிடுங்கிட்டு வந்தா பாவம் எனக்கில்லையா? அந்தப் பேச்சை விட்டுட்டேன்."

மாமனார் துண்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த அறைக்குச் சன்னல் இருக்காம்மா?"

"ரெண்டு இருக்குப்பா. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்." பின்னறைக்குச் சன்னல் இல்லை. "நீ சொல்றதுதான் சரி. இங்க எனக்கு என்ன குறை?"

அவருடைய விரல்கள் துண்டின் நுனியை முறுக்கி, பிரித்து, மறுபடி முறுக்கின. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. மேஜைக்கு எப்போது வந்தாள் என்றே தெரியாது.

"அண்ணி, அதெல்லாம் ஒரே மத்தியானத்துல எடுத்தது."

"எதெல்லாம்?"

"மாமா இருக்கிற படம் எல்லாம். சட்டையை மாத்தி மாத்தி எடுத்தோம்."

அண்ணி சிரித்தாள். "போடி, உனக்கு எப்பவும் கிண்டல்தான்."

"கிண்டல் இல்லை. இந்த ஒரு வருஷத்துல அவரை ஒரு படம்கூட நான் எடுக்கலை. எங்கேயும் கூட்டிட்டும் போகலை."

"ஏய், என்ன பேசற நீ?" என்று கணவன் போனை எடுக்கக் கை நீட்டினான். பாதியிலேயே கை நின்றுவிட்டது.

சொல்லிவிட்டால் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கும் என்று நினைத்திருந்தாள். மாமனாரைப் பார்த்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவர்போலத் தரையைப் பார்த்துக் குனிந்திருந்தார். கழுத்து வரைக்கும் சிவந்திருந்தது. மகளுக்கு முன்னால் தான் வேண்டப்பட்டவனாக இருக்க அவரிடம் அந்தப் பொய் ஒன்றுதான் இருந்தது. அதையும் அவள் எல்லோருக்கும் முன்னால் உருவிப் போட்டுவிட்டாள்.

"அப்பா?" என்றது போன்.

"தாடியை எடுத்தது என் யோசனைம்மா" என்றார் அவர் மெதுவாக. "அவளைத் திட்டாத."

அண்ணி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "அந்த அறை அப்படியேதான்பா இருக்கு. நீங்க—"

"எப்ப வரட்டும்?"

அவள் முடிப்பதற்குள் கேட்டுவிட்டார். கேட்ட வேகம் அவருக்கே கூச்சமாகிவிட்டதோ என்னவோ, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கூடத்தில் அதைக் கேட்காத காது இல்லை.

மருமகளும் கேட்டாள். கேட்ட மாத்திரத்தில் அவளுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று இலேசானது. பின்னறை காலியாகும். அப்படி ஒரு நினைப்பு வந்துவிட்டது, வந்ததை அவளே பார்த்தும்விட்டாள். முகத்தில் அது தெரிந்துவிடப் போகிறதே என்று சுவரைப் பார்க்கத் திரும்பி நின்றுகொண்டாள்.