கால் பங்கு தெளிவு

அண்ணன் உட்கார மாட்டேன் என்றான். என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "பெருசாக்கு, பெருசாக்கு" என்று மூச்சுக்கு முந்நூறு தரம் சொன்னான். கணினியில் விளம்பரப் படங்களை வெட்டி ஒட்டுவது என் பிழைப்பு. யாராவது பின்னால் நின்று பார்த்தால் எனக்கு வேலை ஓடாது, எரிச்சல்தான் வரும்.

"கொஞ்சம் சும்மா இருண்ணே. இது என்ன பலூனா, ஊதினா பெருசாக?"

திரையில் அவன் வேலை செய்யும் தொழிற்சாலை, மேலே மாட்டியிருந்த கேமராவில் பதிவானது. தகடு வெட்டும் மெஷின் ஒரு மூலையில் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. அதன் வாயை மறைக்கும் மஞ்சள் மூடியைத் தினமும் கழற்றித் துடைத்து மாட்டுவது அண்ணன் பொறுப்பு. மூடி இருந்தால் விரல் உள்ளே போகாது. போன வாரம் அந்த மெஷினில் நின்றவருக்கு மூன்று விரல்கள் போய்விட்டன. மூடி மாட்டவே இல்லை என்கிறார் அவர். மாட்டினேன், அவன்தான் கழற்றிவிட்டான் என்கிறான் அண்ணன். நாளைக்கு விசாரணை. யார் பேச்சு பொய்யாகிறதோ அவருக்கு வேலை போய்விடும்.

வீடியோவை முந்நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கினேன். படம் கறுப்பாகிவிட்டது. குறைத்தால் வருகிறது, கூட்டினால் கறுப்பு. மென்பொருளை மூடித் திறந்தேன். தேங்கிக் கிடந்த தற்காலிக ஃபைல்களை அழித்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை.

"அழிஞ்சு போச்சா?" என்றான் அண்ணன்.

"அழியல. என் கிராபிக்ஸ் கார்டு கிழடு. இவ்வளவு பெருசாக்கினா அதுக்கு மூச்சு வாங்குது."

கார்டை ஒதுக்கிவிட்டு, பிராசஸரே படத்தைக் காட்டும்படி மாற்றினேன். படம் வந்தது, கட்டம் கட்டமாக, மங்கலாக. மெஷின் வாயில் மஞ்சளாக ஒரு திட்டு.

"பாத்தியா. மூடி இருக்கு." அண்ணன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அவன் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது, சொல்வதற்கென்ன. அடுப்பை அணைக்காமல் வெளியே கிளம்புகிற ஆள் அவன்.

"இத அப்படியே எடுத்துக் குடு."

"அப்படியே குடுத்தா யாரும் நம்ப மாட்டாங்க. இரு, தெளிவாக்கித் தர்றேன்."

அப்போதுதான் ப்ரிவியூ கால் பங்கில் இருப்பது கண்ணில் பட்டது. கணினி திணறக் கூடாது என்று நான்தான் எப்போதும் அப்படி வைத்திருப்பேன். இருக்கிற தெளிவில் கால்வாசிதான் திரைக்கு வரும். அதை முழுசுக்கு மாற்றினேன்.

திட்டுக்கு விரல்கள் முளைத்தன. மஞ்சள் கையுறை. தகட்டை நேராக்க உள்ளே போன, மெஷினில் நின்றவரின் கை. மூடி பக்கத்து மேஜையில் கிடந்தது, மேலே அண்ணனின் துடைக்கிற துணி. பின்னால் ஓட்டிப் பார்த்தேன். ஷிப்ட் தொடங்கியதிலிருந்தே அங்கேதான் கிடந்தது.

"முன்னாடி இருந்த மாதிரி வை" என்றான் அண்ணன்.

"அந்த மங்கல் என் திரையில மட்டும்தாண்ணே. ஃபைல்ல தெளிவாத்தான் இருக்கு. ஆபீஸ்லயும் இதே ஃபைல்தான் இருக்கு."

"பரவால்ல. வை."

வைத்தேன். கட்டங்கள் திரும்பி வந்தன. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். எவ்வளவு பார்த்தும் அது மூடியாகத் தெரியவில்லை.

"மாட்டினேன்னுதான் நெனச்சேன். சத்தியமா."

நம்பினேன்.

"நேத்து அவன் பொண்டாட்டி வீட்டுக்கு வந்தா" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உள்ள கூட வரல, வாசல்லயே நின்னா. ஒரு வார்த்தை உண்மையச் சொல்லுங்கண்ணேன்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"உன் புருஷனுக்குக் கவனமா இருக்கக் கத்துக் குடும்மான்னு சொல்லி அனுப்பிட்டேன்."