உள் டிஸ்க்கைத் தொடாமல்

என் தங்கையை வீட்டில் எல்லோரும் வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். தொண்டையில் வந்த கட்டிக்குக் குரல்பெட்டியையே எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கும், அவரைக் கேள்வி கேட்டே துளைத்து எடுத்தவள் அவள்தான். அக்காவான நானும் அவள் புருஷனும் பக்கத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தோம்.

ஆபரேஷன் முடிந்து அவள் வீடு திரும்பிவிட்டாள். கழுத்தில் கட்டு, மூச்சு விட ஒரு குழாய், கையில் போன். சோறு வேண்டும் என்றாலும் சண்டை போட வேண்டும் என்றாலும் அதில் தட்டிக் காட்ட வேண்டியதுதான்.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. ஆபரேஷனுக்கு முன்பே குரலைப் பதிவு செய்து கொடுத்தால், போனில் தட்டுவதை அவள் குரலிலேயே பேசிக்காட்டும்படி செய்து தருகிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதற்கென்று ஒரு கத்தை வாக்கியங்களும் கொடுத்தார்கள். அதில் ஒன்றுகூட விடுபடக் கூடாது. மாப்பிள்ளைக்கு ஒலிப்பதிவுதான் தொழில். வீட்டின் பின்கட்டில் கண்ணாடித் தடுப்பு வைத்து, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அறை. அங்கே உட்காரவைத்து அவளை வாசிக்கவைத்தார். தங்கமான மனுஷன். ஒரு வேலையைத் தொட்டால் அதில் தூசி தும்பு இருக்கக் கூடாது அவருக்கு.

அந்தத் தூசி தும்புதான் எங்களைத் தெருவில் நிறுத்தியது.

அவர் பதிவு செய்வது ஒரு ஆதிகாலத்துக் கம்ப்யூட்டரில். அதிலிருக்கும் சவுண்டு கார்டுக்கு ஈடு இன்றைக்கு எதுவும் இல்லை என்பார். பதிவு செய்ததில் இருமலை வெட்டி, மூச்சு வாங்குவதை வெட்டி, நடுவில் அவள் அடிக்கும் அரட்டையை வெட்டி, எல்லாம் முடிந்த பிறகு ஒரே தடவையாக நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார். அரைகுறை வேலைக்கு இரண்டு நகல் இருந்தால் எது கடைசியாகத் திருத்தியது என்று குழம்பிவிடுமாம். அதனால் என் தங்கையின் குரல் இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில், அந்தக் கம்ப்யூட்டரின் உள் டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது.

கடையில் ஒரு லேப்டாப்பின் கீலைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவர் போன் செய்தார். பழைய கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் என் பிழைப்பு. கம்ப்யூட்டர் பாதியில் நின்றுவிட்டது, மறுபடி ஆன் செய்தால் உள்ளே டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்றார். எத்தனை முறை ஆன் செய்தீர்கள் என்று கேட்டேன். எண்ணவில்லையே என்றார். எனக்குச் சுரீரென்று கோபம் ஏறியது. தங்கை புருஷனாயிற்றே, கண்டபடி திட்டவும் முடியாது. ஸ்விட்சின் பக்கமே போகாதீர்கள் என்று சொல்லிவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

போய்ப் பார்த்தால் வாயாடியும் அங்கேதான் இருந்தாள். அவளிடம் மறைத்துவைக்கலாம் என்று நான் நினைத்திருந்தேன். புருஷனின் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள். மைக்குக்கு முன்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, நான் ஸ்குரூ கழற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

மூடியைத் திறந்ததும் இன்னொரு இடி. டிஸ்க்கைக் கழற்றி என் கம்ப்யூட்டரில் மாட்டிவிடலாம் என்று வந்திருந்தேன். அது ஸ்கஸி என்ற பழைய வகை. இன்றைக்கு இருக்கும் எதிலும் அதன் வால் பொருந்தாது. அதைப் படிக்கத் தெரிந்த கார்டு அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருப்பது ஒன்றுதான். எனக்குத் தெரிந்த டேட்டா மீட்பவரிடம் அங்கிருந்தே பேசினேன். வெளியூருக்கு அனுப்ப வேண்டும், மாதக்கணக்கில் ஆகும், கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

ஆக, அந்தக் கம்ப்யூட்டரே எழுந்து டிஸ்க்கைப் படித்துக் கொடுத்தால்தான் உண்டு. அதில் இருக்கும் விண்டோஸை எழுப்பினால் அது எழும்போதே டிஸ்க் முழுக்க ஓடும், எழுதும். மிச்சமிருக்கும் உயிர் அதிலேயே போய்விடும். என்னிடம் யுஎஸ்பியில் மாட்டும் வெளி டிஸ்க் ஒன்றில், விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டும் லினக்ஸ் இருந்தது. சாகக் கிடக்கும் டிஸ்க்குகளுக்காகவே வைத்திருப்பது. நோயாளி மேல் ஒரு எழுத்துகூட எழுதாமல் படித்துக் கொடுக்கும். அதற்கு வாயாடி என்றே பெயர் வைத்திருந்தேன், வேலை செய்யும்போது அத்தனை வரி பேசித் தள்ளும். ஆனால் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு யுஎஸ்பியிலிருந்து எழத் தெரியாது. ஆன் செய்ததும் உள் டிஸ்க்கைப் பார்க்கும், சிடியைப் பார்க்கும், அத்தோடு சரி. நடுவில் கைபிடித்துக் கூட்டிப்போக ஒரு பூட்லோடர் வேண்டும். எதை வைப்பது, எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கும் மாப்பிள்ளைக்கும் முட்டிக்கொண்டது.

அவர் இதற்குள் வலையில் எதையோ படித்து வைத்திருந்தார். உள் டிஸ்க்கின் தலைப்பகுதியில் பூட்லோடரைப் பதித்துவிட்டால் ஒரு நிமிஷ வேலையாம். ஒரு நிமிஷ வேலைதான். ஆனால் அதற்கு அந்த டிஸ்க்கில் எழுத வேண்டும், எழுதினால் அந்த ஒரு நிமிஷத்திலேயே கதை முடிந்துவிடலாம்.

அதுவும் இல்லையென்றால் இன்னொரு சின்ன லோடர் இருக்கிறதே என்றார். சிடியில் அடங்கிவிடும், யுஎஸ்பியை அதுவே கண்டுபிடித்து நேரே எழுப்பிவிடும், எதையும் கேட்காது. எனக்கும் அதைத் தெரியும். நல்லதுதான். எதையும் கேட்காது என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நடுவில் தப்பு நடந்தால் நிறுத்தித் திருத்த வழி கிடையாது, ஸ்விட்சை அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் உள் டிஸ்க் சுற்றும். இன்னும் எத்தனை முறை சுற்றும் என்று யாருக்குத் தெரியும்?

கடைசியில், கொண்டுவந்திருந்த என் லேப்டாப்பில் கிரப் என்ற பூட்லோடரைச் சிடியில் எழுதினேன். பெரியது, மெதுவானது, அமைப்பதற்குள் தாவு தீர்ந்துவிடும். அதன் கண்ணுக்கும் யுஎஸ்பி தெரியாது என்பதால், லினக்ஸின் கருவான கர்னலையும் அதே சிடியில் சேர்த்தேன். கர்னல் எழுந்துவிட்டால் அதற்கு யுஎஸ்பி தெரியும், வெளி டிஸ்க்கைத் தானே தேடிக்கொள்ளும். கிரப்பில் எனக்கு வேண்டியது ஒன்றுதான். கிளம்புவதற்கு முன் பட்டியலைக் காட்டி, சில நொடிகள் நின்று, திருத்துவதாக இருந்தால் திருத்து என்று விடும்.

"அக்கா, நேரமாகுதே" என்றார் மாப்பிள்ளை.

"ஆகட்டும் மாப்பிள்ளை. குரலே போச்சுன்னா நேரத்த வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வாயாடி என்னை முறைத்தாள்.

சோதித்துப் பார்க்காமல் நோயாளியின் மேல் கைவைக்க நான் மடச்சி இல்லை. உள் டிஸ்க்கின் வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு, வெறும் கம்ப்யூட்டரில் சிடியை ஓடவிட்டேன். கிரப் வந்தது. கர்னல் வந்தது. வெளி டிஸ்க்கைத் தேடிப் பிடித்து, கட கடவென்று வரிகளைக் கொட்டி, லினக்ஸ் எழுந்து நின்றது. அணைத்து, மறுபடி எழுப்பினேன். அப்போதும் எழுந்தது. மாப்பிள்ளைக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது. எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் வந்தது என்றே சொல்ல வேண்டும்.

பிறகு அணைத்துவிட்டு, உள் டிஸ்க்கின் வயரை மாட்டி, ஸ்விட்சைத் தட்டினேன்.

டிக். டிக். அந்தச் சத்தத்தை ஒலிப்பதிவு அறையில் கேட்கக் கூடாது. பஞ்சுச் சுவர் வேறு எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிட்டு, அதை மட்டும் காதுக்குள் வைத்தது. திரையில் ஒரு வரி வந்து போனது. கிரப் பட்டியலைக் காட்டி, பத்திலிருந்து கீழே எண்ண ஆரம்பித்தது.

"முன்னாடி அந்த வரி வரலையேக்கா" என்றார் மாப்பிள்ளை.

எந்த வரி என்று எரிந்து விழுந்தேன். முதலில் டிஸ்க்கின் பெயரைப் போட்டு ஒரு வரி வந்ததே, சோதனையில் அது வரவில்லையே என்றார். வராது, சோதனையில் டிஸ்க் மாட்டவே இல்லையே என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது.

டிஸ்க்கே மாட்டவில்லை. அப்போது வெளி டிஸ்க் ஒன்றுதான் இருந்தது, லினக்ஸ் அதை முதல் டிஸ்க் என்று எண்ணியது. நானும் கிரப்பிடம் முதல் டிஸ்க்கிலிருந்து எழு என்று எழுதி வைத்திருந்தேன். இப்போது உள் டிஸ்க் வந்துவிட்டது. வகுப்பில் புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்தால் எல்லோருடைய வரிசை எண்ணும் மாறுமே, அப்படி மாறிவிட்டது. இப்போது முதல் டிஸ்க் என்றால் சாகக் கிடப்பதுதான். கர்னல் அதன் மேல் ஏறி, இல்லாத லினக்ஸைத் தேடி அதைக் குடைந்து எடுக்கும். பாதுகாப்பாகச் சோதிக்கிறேன் என்று நானே குழி தோண்டி வைத்திருந்தேன்.

மூன்று என்றது திரை. நான் எந்த விசையை அழுத்தினேன் என்று இன்றைக்கும் தெரியாது. கை முழுவதையும் கீபோர்டின் மேல் வைத்தேன். எண்ணுவது நின்றது.

டிக். டிக். டிஸ்க் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. திருத்தும் விசையைத் தட்டி அந்த வரியைத் திறந்தேன். தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தேன். நானும் மாப்பிள்ளையும் மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததில், அந்த டிக் டிக்கோடு வாயாடியின் கழுத்துக் குழாயில் காற்று போய் வருவதும் கேட்டது. வரிசை எண்ணை அழித்துவிட்டு, வாயாடி என்று பெயர் உள்ள டிஸ்க்கிலிருந்து எழு என்று எழுத்து எழுத்தாகத் தட்டினேன். பெயரைச் சொல்லிவிட்டால் எவன் வந்து வரிசையில் நுழைந்தாலும் கவலையில்லை. முதலிலேயே அப்படி எழுதியிருக்க வேண்டும். மாப்பிள்ளை சொன்ன சின்ன லோடரை வைத்திருந்தால் திருத்த இடமே இருந்திருக்காது. அவர் அந்த வரியைப் பார்த்திருக்காவிட்டால் கிரப் இருந்தும் பிரயோஜனம் இல்லை. இதை அவரிடம் பிறகு சொன்னேன்.

கர்னல் கிளம்பியது. வரிகள் ஓடின. லினக்ஸ் எழுந்து நின்றது.

உள் டிஸ்க்கைப் படிக்க மட்டும் என்று திறந்தேன். இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. மாப்பிள்ளை பெயர் வைத்தது: 'அழுக்கு', 'சுத்தம்'. அழுக்கில் பதிவு செய்தது செய்தபடி எல்லாம் இருந்தது. சுத்தத்தில் அவர் வெட்டித் திருத்தியது, இதுவரைக்கும் பாதிதான்.

சுத்தத்தை முதலில் எடுங்கள் என்றார் மாப்பிள்ளை. ராப்பகலாக உட்கார்ந்து செய்தது, அவருக்கு மனசு வரவில்லை. வாயாடியும் எழுந்து வந்து சுத்தத்தைத்தான் காட்டினாள். நான் முடியாது என்றேன். பாதிக் குரலை வாங்கி வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் என்ன செய்வார்கள்? அழுக்கு கிடைத்தால் மறுபடி சுத்தம் செய்துகொள்ளலாம். அவள் தலையை ஆட்டினாள், போனில் தட்டிக் காட்டினாள். 'சுத்தம் போதும். அழுக்கு வேண்டாம்.' புருஷனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்று நினைத்தேன். அவளைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, அழுக்கை நகலெடுக்கவிட்டேன்.

பழைய யுஎஸ்பி, ஆமை வேகம். ஒவ்வொரு கோப்பின் பெயரும் திரையில் ஏறி, ஏறி, சில சமயம் நின்றது. நிற்கும்போதெல்லாம் டிஸ்க் டிக் டிக் என்று அடித்துக்கொண்டது. மாப்பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். நான் வேண்டாத தெய்வம் இல்லை. போ, போ என்று அதைத் திட்டிக்கொண்டே இருந்தேன், கெட்ட வார்த்தை உட்பட. அழுக்கு முடிந்தது. சுத்தத்தைத் தொட்டேன். ஒரே ஒரு பெயர் ஏறியது. பிறகு டிஸ்க் நீளமாக ஒரு கீச்சொலி விட்டு, சுற்றுவதை நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு அது எழவே இல்லை.

வெளி டிஸ்க்கைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டினேன். வந்தது வெறும் பெயர்கள்தானா, உள்ளே குரல் இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும். நடுவில் ஒரு கோப்பைத் தட்டினேன்.

"கதவைச் சாத்திவிட்டு உள்ளே வா" என்றது வாயாடியின் குரல். வாக்கியங்களில் ஒன்று. அறை முழுக்க அவள் இருந்தாள். மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அடுத்த வாக்கியத்தை வாசிப்பாள் என்று பார்த்தால், காகிதத்தைக் கீழே வைக்கும் சத்தம்.

"போதும்ங்க, நிறுத்துங்க கொஞ்சம். எனக்கு பயமா இருக்கு. அக்காகிட்ட தைரியமா இருக்கேன்னு சொல்லிட்டேன், அவளும் நம்பிட்டா. ராத்திரியெல்லாம் தூக்கமே வரல."

வாயாடி பாய்ந்து வந்தாள். நிறுத்தும் விசைக்குக் கை நீட்டினாள். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரைக் கேள்வி கேட்டுத் துளைத்தவளை, ஆபரேஷனுக்குப் போகும்போதுகூட எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியவளை நான் நம்பித்தான் இருந்தேன். இவளுக்கு என்ன, இவள் சமாளித்துவிடுவாள் என்று நிம்மதியாகத் தூங்கியும் இருந்தேன். அவள் கையை உதறப் பார்த்தாள். நான் விடவில்லை.

"அவ அழுதா என்னால தாங்க முடியாதுங்க" என்றது குரல். "இதையெல்லாம் வெட்டிடுங்க, சரியா?"

"பேசட்டும்டி, நிறுத்தாத" என்றேன்.