ஏழாம் நம்பர் மலையில் ஒரு நிரை

எனக்கு வாய் நீளம் என்று லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் சொல்வார்கள். இருக்கட்டும். இடுப்பு முறிந்து மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தவளுக்கு வாயும் இல்லையென்றால் வேறு என்னதான் மிஞ்சும்?

நான் பவளம். இந்தத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தோரு வருஷம் கொழுந்து எடுத்தவள். முதலில் கையால், பிறகு கத்திரியால், கடைசிப் பன்னிரண்டு வருஷம் மெஷினால். மெஷினை ஒரே ஆள் தூக்க முடியாது. செடி நிரைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், நடுவில் செடியின் தலைக்கு மேல் மெஷின். சரிவில் பள்ளத்துப் பக்கம் உயரமான ஆள் நின்றால்தான் அது மட்டமாகப் போகும். பாரமும் அந்தப் பக்கம்தான் அதிகம் இறங்கும். எங்கள் ஜோடியில் பள்ளத்துப் பக்கம் நான். மேட்டுப் பக்கம் என் வீட்டுக்காரர் ராதாகிருஷ்ணன். அவர் என்னைவிட நாலு விரல் குட்டை. கல்யாணப் போட்டோவிலேயே என்னைக் குனிந்து நிற்கச் சொன்னார்கள், நான் குனியவில்லை.

நவம்பர் மழையில் ஏழாம் நம்பர் மலையின் மண் படியில் வழுக்கி விழுந்தேன். வலது இடுப்பு. மலையிறங்கிப் போய் பெரிய ஆஸ்பத்திரியில் இடுப்பு மூட்டையே மாற்றினார்கள். மறுநாளே நாடியா என்ற பெண் வந்து என்னை எழுப்பி நிறுத்தினாள். நடை பழக்குவதுதான் அவள் வேலை. தானா ராத்தா டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முகம்மது கனியின் மகள். பார்க்கப் பஞ்சு மாதிரி இருப்பாள், வேலை வாங்குவதில் பழைய காலத்துக் கங்காணி தோற்றான்.

"ஆன்ட்டி, படி ஏறும்போது நல்ல கால் மொதல்ல. ஒங்களுக்கு எடது. எறங்கும்போது ஆபரேஷன் பண்ண கால் மொதல்ல. இத மட்டும் மறக்கக் கூடாதுலா."

பத்து நாளும் ஆஸ்பத்திரிப் படியில் அதையே சொல்ல வைத்து ஏற்றி இறக்கினாள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தேன். என் வீட்டு வாசலில் இரண்டே இரண்டு படிதான். வாக்கரைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். லயமே கூடியிருந்தது. பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா ஆரத்தித் தட்டோடு வந்தாள். சாத்திரம் சம்பிரதாயம் என்றால் எங்கள் லயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். மூன்று சுற்றுச் சுற்றினாள், நெற்றியில் பொட்டு வைத்தாள். நான் இடது காலைத் தூக்கினேன்.

"ஐயோ, எடது கால வைக்காதடி! செத்துப் பொழச்சு வந்திருக்க. வலது கால எடுத்து வச்சு உள்ள வா!"

"வலது கால், வலது கால்" என்று சுற்றி நின்ற வாயெல்லாம் சேர்ந்துகொண்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? பத்து நாள் படித்த பாடம் ஒரு தட்டு மஞ்சள் தண்ணீரில் கரைந்துபோனது. வலது காலைப் படியில் வைத்து, அதன்மேல் உடம்பை ஏற்றினேன். கால் தாங்கவில்லை. வாக்கர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மாற்றிய மூட்டு நழுவிவிட்டது. என்னை ஏற்றி வந்த காடியிலேயே, ஆரத்தித் தண்ணீர் சிந்திய சேலையோடு, திரும்ப மலை இறங்கினேன்.

பட்ட காலிலேயே படும் என்பார்கள். எனக்குப் பட வைத்துவிட்டார்கள். மயக்கம் கொடுத்து மூட்டை உள்ளே தள்ளி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டையை மாட்டி, ஆறு வாரம் கழற்றக் கூடாது என்று அனுப்பினார்கள். நாடியா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மொதல்லருந்து ஆரம்பிக்கலாம் ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னாள். அன்று நான் அழுதேன். வலியால் இல்லை, நாலு பேர் கத்தியதற்காகத் தெரிந்த காரியத்தைத் தப்பாகச் செய்தேனே என்ற ஆத்திரத்தில்.

அதன்பிறகு செல்லம்மா அக்கா என் வீட்டுப் பக்கம் வரவில்லை. என் வீட்டுக்காரரோ பேச்சையே குறைத்துக்கொண்டார். நான் எழுந்தால் எழுவார், கழிவறைக் கதவு வரை வருவார். தண்ணீர்க் கிளாஸைக்கூடக் கையில் கொண்டு வந்து கொடுப்பார். முதல் வாரம் சுகமாக இருந்தது. மூன்றாம் வாரம் மூச்சு முட்டியது.

பட்டை கழன்ற வாரத்தில் கங்காணி குகன் நலம் விசாரிக்க வந்தான். அவனை அரைக்கால் சட்டையில் பார்த்தவள் நான். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, "கவலைய விடுங்கக்கா. நர்சரியில ஒங்களுக்கு எடம் போட்டாச்சு. பையில மண்ணு ரொப்புறதுதான், ஒக்காந்த வேல. அண்ணன் வந்து கேட்டாரு, தொரைகிட்ட நான் பேசிட்டேன்" என்றான்.

"எந்த அண்ணன்?"

அவன் என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் சுவரைப் பார்த்தார்.

குகன் போகும்வரை பொறுத்தேன். அது என் வாழ்நாள் சாதனை. பிறகு கேட்டேன். "என்னையக் கேக்காம என் வேலைய மாத்த நீங்க யாருங்க?"

"நீ விழுந்தப்ப ஒன் பக்கத்துல நின்னேன் பவளம். மலையிலயும் நின்னேன், வாசல்லயும் நின்னேன். ரெண்டு தடவையும் கை நீட்டுறதுக்குள்ள நீ கீழ கெடந்த. மூணாவது தடவ என்னால பாக்க முடியாது." அவர் குரல் உடைந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் நெஞ்சு இளகியது. ஆனால் கோபமும் அப்படியே இருந்தது.

"எனக்குக் கை புடிக்க ஆள் வேணாம். மெஷினோட அந்தப் பக்கத்தப் புடிக்க ஆள் வேணும்" என்றேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது நாடியாவிடம் நர்சரி விஷயத்தைச் சொன்னேன். குட்டை முக்காலியில் குனிந்து உட்கார்ந்து மண் அள்ளுவது என்றதும் அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஆன்ட்டி, ஒங்க மூட்டுக்கு ஆகாததே அதுதான்! தாழ ஒக்காரக் கூடாது, குனியக் கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்? நடந்தா நல்லதுலா."

"அப்போ மெஷின் தூக்கலாமா?"

"ஒடனே கேட்டா முடியாதுன்னுதான் சொல்வேன். ஆறு மாசம் முடியட்டும். சதை பலமா இருந்தா டாக்டர் பாத்துச் சொல்வாரு. பலம் வர்றது ஒங்க கையில."

என் கையில் என்றால் விடுவேனா? ஜன்னல் கம்பியைப் பிடித்து வலது காலைப் பக்கவாட்டில் தூக்கினேன், வேளைக்கு முப்பது. அவள் கொடுத்த ரப்பர் பட்டை இரண்டே வாரத்தில் அறுந்தது. பழைய மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டிக் கணுக்காலில் மாட்டி இழுத்தேன். குக்கர் மூன்று விசில் அடிக்கும்வரை அடுப்படி மேடையைத் தொட்டுக்கொண்டு வலது காலில் மட்டும் நின்றேன். முதல் நாள் முதல் விசிலுக்கு முன்பே கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். மூன்று விசிலுக்கும் நின்ற அன்று பருப்பு அடிப்பிடித்திருந்தது. அதையும் அவர் முழுசாகச் சாப்பிட்டார். நிரையில் பக்கவாட்டாக நகர்ந்துதான் போக வேண்டும் என்பதால், சுவரோரமாகக் காலுக்குக் கால் குறுக்கே போடாமல் நண்டு மாதிரி நடந்து பழகினேன். பிறகு அந்த வாசல் படி. என்னைத் தள்ளிவிட்ட அதே இரண்டு படி. இடது கால் ஏறு, வலது கால் இறங்கு. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை.

மார்ச் மாதம் ரோட்டுக்கு இறங்கினேன். காலை பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு ஆட்கள் மலைக்குப் போனதும், பனியில் தடியை ஊன்றிக்கொண்டு கோயில் வரை. அடுத்த வாரம் ஃபேக்டரி வரை. அதற்கடுத்து திரிங்காப் ஊருக்குக் காய்கறி லாரிகள் போகும் பெரிய ரோடு வரை. ஒரு நாள் பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நான் நின்றால் அதுவும் நின்றது. திரும்பினேன். இருபதடி தள்ளி, குடையோடு செல்லம்மா அக்கா.

"எதுக்குக்கா பின்னாலயே வர்ற? ஆரத்தித் தட்ட மறந்துட்டியா?" என்றேன். எனக்கு இரக்கம் வாயில் வராது.

அவள் குடையை மடக்கினாள். "திட்டுடி. நல்லாத் திட்டு. அன்னிக்கிலருந்து யாரு வீட்டுலயும் நான் ஆரத்தி எடுக்கல. நாலு நாளா ஒன் பின்னாலதான் வர்றேன். விழுந்தா ஓடி வந்து தூக்கலாம்னு."

"நீ என்னயத் தூக்குவியா? ஒனக்கே முட்டி வலி."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, பாழாய்ப்போன சிரிப்பு. மறுநாளிலிருந்து பின்னால் வரவில்லை, பக்கத்தில் வந்தாள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று தினமும் ஒரு தடவை சொல்லாமல் விடமாட்டாள். நான் அம்மியா என்று நானும் தினமும் கேட்பேன்.

மே மாதக் கடைசியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டுக் கடிதம் கொடுத்தார். மலை வேலை செய்யலாம், கொஞ்சம் கொஞ்சமாக. கடிதத்தைக் குகனிடம் நீட்டினேன். இரண்டு தடவை படித்தான். "தொர கேட்டா நான் என்னக்கா சொல்றது? சரி, ஒரு நாள் பாப்போம். ஏழாம் நம்பர்ல ஒரு நிரை. வெட்டு ஒழுங்கா இருந்தா மெஷின். இல்லன்னா நர்சரி, மறுபேச்சு கெடையாது." பிறகு தயங்கினான். "அந்தப் பக்கம் யாரு புடிப்பா? அண்ணன் இப்ப வேற ஆளோட ஜோடி."

அன்று ராத்திரி வீட்டில் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

காலையில் மலையடிவாரத்துக்குப் போனபோது அவர் அங்கே மெஷினுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்காமலே, "இன்னிக்கி பள்ளத்துப் பக்கம் நான். அதுக்குச் சம்மதம்னா வா" என்றார். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். வந்திருக்கிறாரே, அது போதும்.

மலையடிவாரத்தில் முனீஸ்வரன் கல் இருக்கிறது. சூடம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, வலது காலை முதலில் வைத்துத்தான் எல்லாரும் மலை ஏறுவார்கள். தாத்தா காலத்துப் பழக்கம். நானும் கும்பிட்டேன். எதிரே மண் படி, பதினெட்டு. நான் விழுந்ததும் இதில்தான். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. என் கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டன. பயம்தான், வேறென்ன?

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் மலையே அதிர வந்தது.

"எடது கால எடுத்து வச்சு ஏறுடி பவளம்! சாமி ஒண்ணும் நெனைச்சுக்காது!"

செல்லம்மா அக்கா. சூடத் தட்டு கையில் ஆடிக்கொண்டிருந்தது. "எடது கால், எடது கால்" என்று அன்றைக்கு லயத்து வாசலில் கத்திய அதே வாயெல்லாம் கத்தின. இடது காலை வைத்தேன். வலது காலை இழுத்துப் பக்கத்தில் சேர்த்தேன். பதினெட்டுப் படியும் அப்படியே. என் வீட்டுக்காரர் எனக்கு இரண்டு படி கீழே பின்னாலேயே ஏறி வந்தார். கை நீட்டவில்லை.

நிரையில் மெஷினைத் தூக்கினோம். கயிற்றை இழுத்ததும் அது உறுமியது. நண்டு நடை. இடுப்பு வலித்தது, ஆனால் தாங்கியது. பாதி நிரையில் வியர்வை கண்ணில் இறங்கியது. நிறுத்தலாமா என்று அவர் கண்ணால் கேட்டார், நான் தலையாட்டி மறுத்தேன். நிரை முடிந்ததும்தான் கைப்பிடியை விட்டேன். விழவில்லை. நின்றுகொண்டிருந்தேன்.

குகன் வந்து வெட்டிய நிரையைப் பார்த்தான். முகம் கோணியது. "என்னண்ணே இது, எலி கடிச்ச மாதிரி!"

எட்டிப் பார்த்தேன். மேட்டுப் பக்கம் மட்டமாக, பள்ளத்துப் பக்கம் சரிந்து கோணலாகக் கிடந்தது. குட்டை ஆள் பள்ளத்தில் நின்றால் வேறெப்படி இருக்கும்? நான் செத்துப் பிழைத்து நடந்த ஒரு நிரை, இவருடைய நாலு விரலால் போய்விடுமா? குகன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

என் வீட்டுக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். நிரையைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார், கடைசியாக என் முகத்தைப் பார்த்தார்.

"வெட்டு கெட்டது என்னால தம்பி, அவளால இல்ல. அவ பக்கத்தப் பாரு, கோடு போட்ட மாதிரி இருக்கு." பிறகு என்னிடம் திரும்பினார். "நாளைக்கி நீ பள்ளத்துல நில்லு."