இடத்துக்கு வராத ஐந்தாம் கம்பி

"குறை கிட்டார்ல இல்லம்மா, உன் காதுல," என்று நத்தானியேல் சார் பாடகர் குழு முழுவதும் கேட்கும்படி சொன்னபோது எப்சி பதில் பேசவில்லை. பயம் ஒன்றும் இல்லை. கையில் ஆதாரம் இல்லாமல் பேசுவது அவளுக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் பிரிவுக்கு அவள்தான் மெக்கானிக். நூற்றிருபது பெண்கள் தைக்கிற ஹாலில், ஸ்பானரும் கையுமாக நடமாடும் ஒரே பெண். தைக்கத்தான் சேர்ந்தாள். மிஷின் நின்றால் மெக்கானிக் வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கப் பொறுக்காமல் தானே கழற்றிப் பார்ப்பாள். அதற்காக சூப்பர்வைசரிடம் வாங்கிய திட்டுக்குக் கணக்கே இல்லை. கடைசியில் அந்த வேலையையே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பேரணாம்பட்டு ரோட்டில் இருந்த அவளுடைய சபைக்கு அந்தப் பெடல் கிட்டார் வந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. ஆஸ்பத்திரி வேலைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த டாக்டர் ஒருவர் திரும்பிப் போகும்போது விட்டுப்போனது. நாலு காலில் மேசைபோல நிற்கும். மேலே பத்துக் கம்பி. கீழே பாதத்தால் மிதிக்க மூன்று பெடல்கள், முட்டியால் பக்கவாட்டில் தள்ள நான்கு நெம்புகள். பெடலை மிதித்தால் ஒரு கம்பியின் சுருதி ஏறும். நெம்பைத் தள்ளினால் இன்னொன்று இறங்கும். விட்டால் இரண்டும் பழைய இடத்துக்கே வந்துவிட வேண்டும். துணி போர்த்திக் கிடந்த அதை மூன்று வருடத்துக்கு முன் எப்சிதான் திறந்தாள். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வாசிக்கப் பழகினாள்.

ஆறு மாதமாகத் தொல்லை. முதல் சரணம் சரியாக இருக்கும். இரண்டாவதில் கீபோர்டோடு ஒட்டாது. மூன்றாவதில் பாடுகிறவர்களே திரும்பிப் பார்ப்பார்கள். கம்பி பழசு என்றார் நத்தானியேல் சார். பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்தவர், பாடகர் குழு அவர் பொறுப்பு. பத்துக் கம்பியையும் மாற்றினாள். வெயில் என்றார். மழைக்காலத்திலும் அப்படியேதான் இருந்தது. கடைசியாக அவள் காதைச் சொன்னார்.

"அறுப்பின் பண்டிகைக்குக் கீபோர்டு மட்டும் போதும். நீ லேடீஸோட நின்னு பாடு."

அடுத்த ஞாயிறு மதியம், ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, எப்சி டூல்ஸ் பையோடு திரும்பி வந்தாள். அவளோடு ஒரே லைனில் வேலை செய்யும் ஹுமேராவும் பேரணாம்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள்.

"நான் இன்னா பண்ணணும்?" என்றாள் ஹுமேரா.

"சுருதி பாக்குற ஆப் போட்டிருக்கேன், இந்த போனைப் பிடிச்சுக்க. முள் நடுவுல நின்னா சுருதி சரி. இந்தப் பக்கம் போனா ஜாஸ்தி, அந்தப் பக்கம் போனா கம்மி. நான் கேக்கும்போது மட்டும் சொல்லு. நான் பாக்க மாட்டேன்."

எப்சி ஐந்தாம் கம்பியை மீட்டினாள்.

"நடுவுல நிக்குது."

பெடலை மிதித்து, விட்டு, மறுபடி மீட்டினாள். ஹுமேரா வாயைத் திறக்குமுன் எப்சியே சொன்னாள்: "ஜாஸ்தி."

"ஆமா, ஜாஸ்தி. பாக்காமலே எப்டி சொன்ன?"

பத்து முறை செய்தார்கள். பத்து முறையும் எப்சியின் காது சொன்னதையே முள்ளும் சொன்னது. ஆறு மாதத்தில் அவளுக்கே ஓரிரு முறை தன் காதின்மேல் சந்தேகம் வந்திருந்தது. அதை நினைத்தபோது கோபம் பொங்கியது.

அடுத்து, குறை எந்த முனையில் என்று பார்த்தாள். சுருதி முறுக்கும் பக்கத்தில் கம்பியை விரலால் அழுத்தி விட்டாள், மாற்றம் இல்லை. அப்படியானால் அங்கே கம்பி ஓடுகிற உருளை சிக்கவில்லை. மறுமுனையில், கம்பியை இழுக்கிற இரும்பு விரல் இருக்கிறது. அதைக் கையால் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தாள். ஆனால் அது நகர மறுத்தது. ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைத்திருந்தது.

கிட்டாரைப் பெஞ்சின்மேல் மல்லாக்கப் போட்டார்கள். அடிப்பக்கம் முழுக்கக் கம்பித்தண்டுகள், ஸ்பிரிங்குகள், கரும்பசையாக இறுகிப்போன பழைய எண்ணெய்.

"யா அல்லா, நம்ம மிஷினாட்டமே இருக்குதே!"

"அதனாலதான் எனக்கு இதுமேல பயம் வரல."

ஒவ்வொரு தண்டையும் ஆட்டிப் பார்த்தாள். பெடலை மிதிக்காதபோது தண்டு கொஞ்சம் லொடலொடவென்று ஆட வேண்டும். ஐந்தாம் கம்பியின் தண்டு ஆடவே இல்லை. பெடல் இறங்கும் தூரத்தை யாரோ குறைத்து வைத்திருந்தார்கள். அந்தக் குறைந்த தூரத்தில் சுருதி ஏற வேண்டும் என்பதற்காகத் தண்டின் முனையிலுள்ள நைலான் நட்டை இறுக்கியிருந்தார்கள். அதனால் பெடலை விட்டாலும் தண்டு இரும்பு விரலை முழுசாகத் திரும்ப விடவில்லை.

யாரோ இல்லை. ஆறு மாதத்துக்கு முன், "பெடல் ரொம்ப ஆழமா போவுது, நான் டைட் பண்ணி வெச்சிருக்கேன்" என்று நத்தானியேல் சாரே சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்தது.

பிறகு பெடலின் தூரத்தைக் கூட்டினாள். நட்டைத் தளர்த்தினாள். பசையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, மூட்டுக்கு ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டாள். ஐந்தாம் கம்பி இடத்துக்கு வந்தது. ஆனால் முட்டி நெம்பால் இறங்குகிற நாலாம் கம்பி திரும்பும்போது கொஞ்சம் கம்மியாகவே நின்றது. அதன் ஸ்பிரிங் சோர்ந்துபோயிருந்தது. திங்களன்று கம்பெனி ஸ்டோரில் சொல்லிவிட்டு, கழித்துப்போட்ட மிஷினிலிருந்து அதே கனத்தில் ஒரு ஸ்பிரிங் எடுத்துவந்து மாட்டினாள். அதுவும் சரியானது.

சனிக்கிழமை மாலைப் பயிற்சியில், எல்லார் முன்னாலும் போனை நத்தானியேல் சார் கையிலேயே கொடுத்தாள். பெடலை மிதித்து விட்டாள், நெம்பைத் தள்ளி விட்டாள், மறுபடி மறுபடி. முள் நடுவை விட்டு அசையவில்லை. எது கெட்டிருந்தது, எதனால் என்றும் சொன்னாள். யார் இறுக்கியது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்தது.

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தார். "சரி. ஆனாலும் வேணாம்மா."

"ஏன் சார்?"

"பொம்பளப் புள்ள சபைக்கு எதிர்ல உக்காந்து முட்டிய இப்படியும் அப்படியும் ஆட்டுறது நல்லாவா இருக்குது? நாலு பேர் சொல்றாங்க."

எப்சி எழுந்து நின்றாள். "இதான் காரணம்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்? ஆறு மாசமா காதுல குறைன்னீங்களே."

"உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்."

"காது சரியில்லன்னா மட்டும் கஷ்டப்படாதா? அந்த நாலு பேர் பேரைச் சொல்லுங்க. நானே போய்ப் பேசறேன்."

அவர் பாட்டு நோட்டைப் புரட்டத் தொடங்கினார். பின்வரிசையிலிருந்து ஜெமியின் குரல் வந்தது. அதிர்ந்து பேசாதவள், கம்பெனியில் தைக்கிறவள்.

"சார், இங்க நிக்கிற ஒம்போது பேர்ல ஏழு பேர் தையல் மிஷின்ல இருக்கோம். தோலை அழுத்திப் பிடிக்கிற மிஷின் பாதத்தை முட்டியால தள்ளித்தான் தூக்குறோம். தினம் எட்டு மணி நேரம். வெளிய நீங்க கழட்டி வெச்சிருக்கிற ஷூகூட அப்படித் தெச்சதுதான். அது அசிங்கமா?"

ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லாருமே.

நத்தானியேல் சார் நேராக ஆயரிடம் போனார். ஆயர் எப்சியைக் கூப்பிட்டு, "பண்டிகை முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்," என்றார்.

"பண்டிகைக்குத்தான் வாசிக்கணும் ஐயா. வேணாம்னா, முட்டிய ஆட்டுறதாலதான் வேணாம்னு நீங்களே மைக்ல சொல்லிடுங்க."

ஆயர் அப்படி எதுவும் சொல்லவில்லை.

பண்டிகையன்று நெற்கதிரும் பூசணியும் வாழைத்தாரும் குவிந்திருந்த பீடத்துக்கு அருகில், வழக்கமான தூண் மறைவில் இல்லாமல், எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் எப்சி கிட்டாரைப் போட்டாள். அவள் எழுந்து போவாள் என்று எதிர்பார்த்து நத்தானியேல் சார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எப்சி இடது கையால் வாசிப்பு இரும்புத் துண்டைக் கம்பிமேல் வைத்தாள், பெடலை மிதித்தாள், முட்டியைத் தள்ளினாள். முதல் வரியைப் பெண்கள் எடுத்தார்கள். ஐந்து சரணமும் முடிந்தபோது, தொடங்கிய சுருதி அப்படியே இருந்தது. நத்தானியேல் சார் பக்கவாசல் வழியாக எப்போதோ போயிருந்தார்.

மூன்று வாரம் அவர் பயிற்சிக்கு வரவில்லை. நான்காவது வாரம் வந்தார். எப்சியைப் பார்க்காமல், பாட்டு நோட்டைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:

"வர்ற வாரம் முதல் பாட்டு, டி ஸ்கேல்ல வாசிப்பியா?"

"அது லேடீஸுக்கு ரொம்பக் கம்மி சார். இ-ல வாசிக்கிறேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு நோட்டில் டி-யை அடித்துவிட்டு இ என்று எழுதினார்.