செல்லம்மாள் பஸ்ஸில் மிஞ்சிய இரண்டு எழுத்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம், ஆம்பூரிலிருந்து வேலூருக்குப் போன கலீமுல்லா சாயபுவின் மோட்டார் பஸ் திரும்பி வர மறுத்துவிட்டது. ரிப்பேர் ஒன்றுமில்லை. முகத்தை ஆம்பூர்ப் பக்கம் திருப்பி வைத்தால் பின்பக்கமாகவே காட்பாடியை நோக்கி நகர்ந்தது. மாடு கட்டி இழுத்தார்கள். அது மாடுகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. கடைசியில் காட்பாடி ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டிமேல் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்தார்கள். டிரைவர் ராமலிங்கம் மானம் போகாமலிருக்க வழிநெடுக ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்து வந்தான். மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும் அப்படித்தான். அதில் ஏறிப் போனவர்களும் லேசில் திரும்புவதில்லை என்று தெரிந்ததும், மாதக்கணக்கில் டேரா போட்டிருந்த விருந்தாளிகளையெல்லாம் ஆம்பூர்க்காரர்கள் அந்த பஸ்ஸில்தான் ஏற்றி அனுப்பினார்கள். கூட்ஸ் வண்டி வாடகை ஜாஸ்தி என்பதைத் தவிர யாருக்கும் வேறு புகார் இல்லை.

பஸ் முன்பு ராமலிங்கத்துடையது. அவன் மனைவி செல்லம்மாளின் பெயரை, தண்ணீரில் நனைத்து ஒட்டுகிற பொன்னிற எழுத்துகளில் மதராஸிலிருந்து வாங்கிவந்து பக்கவாட்டில் ஒட்டியிருந்தான். காய்ச்சலில் அவள் போன பிறகு அவனுக்குத் தொழிலில் மனசு நிற்கவில்லை. தோல் பதனிடும் ஷாப் வைத்திருந்த கலீமுல்லாவுக்கு வண்டியை விற்றுவிட்டு அவரிடமே டிரைவராகச் சேர்ந்தான். வண்டியை விட்டாலும் அந்தப் பெயரை விட முடியவில்லை. தினமும் காலையில் அதைத் துடைத்துவிட்டுத்தான் ஏறுவான். சாயபுவின் மனைவி அக்தரி பேகத்துக்கு அதுதான் ஆகவில்லை.

"யாரோ ஒரு பொம்பள பேர வச்சிக்கினு உங்க வண்டி ஊரெல்லாம் சுத்துது. நாலு பேரு நாலு விதமா கேக்குறாங்க. எனக்கு பேஜாரா இருக்கு" என்றாள்.

சுரண்டச் சொன்னதில், பஸ்மேல் ஒட்டியிருந்த பீடி லேபிள், பயாஸ்கோப் நோட்டீஸ், ராட்டைப் படம் எல்லாம் ஒரே காலையில் உரிந்து வந்துவிட்டன. செல்லம்மாள்தான் வரவில்லை. தோலில் மயிர் போக்குகிற சுண்ணாம்புத் தண்ணீரையும் ஒரு மழுங்கல் கத்தியையும் எடுத்துக்கொண்டு சாயபுவே இறங்கினார். உருது படித்த கை. வலது கோடியிலிருந்து ஆரம்பித்தது. 'ள்' போயிற்று. செல்லம்மா என்று நின்றது. அவளுடைய அம்மா கூப்பிடுவது அப்படித்தான். 'மா' போயிற்று. செல்லம் என்று நின்றது. கல்யாணமான புதிதில், கதவைச் சாத்திய பிறகு, ராமலிங்கம் மட்டும் கூப்பிட்ட பெயர் அது. பட்டப்பகலில் தெருவே பார்க்க அது வெளியே வந்து நின்றதில் அவனுக்கு அழுகை முட்டியது.

"சாயபு, இத்தோட வுட்டுடுங்க."

"இன்னாப்பா, அரையும் குறையுமாவா வுடுறது?" என்று சாயபு மேலும் சுரண்டினார். 'ம்' போயிற்று, 'ல' போயிற்று. 'செல்' மட்டும் மிஞ்சியது. சுண்ணாம்புக்கும் மசியவில்லை, மண்ணெண்ணெய்க்கும் மசியவில்லை. மறுநாள் வேலூருக்குப் போன வண்டிதான் திரும்பவில்லை.

ஜோலார்பேட்டையிலிருந்து வந்த ரயில்வே மெக்கானிக் சாமிநாதன் இன்ஜினைக் கழற்றிப் பூட்டி, "வண்டி ஜம்முனு இருக்குது, அதுக்குத்தான் வர இஷ்டம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். மழைக்காலம் முடிகிறவரை பஸ் கூட்ஸ் வண்டியில்தான் ஊர் திரும்பியது. அப்புறம் ஒருநாள் வேலூர் ஸ்டாண்டில், கணியம்பாடி வண்டியில் ஏறின ஒருவன் "போறேன்" என்றான். கீழே நின்றிருந்த அவன் மனைவி தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். "கிளம்பும்போது இன்னா பேச்சு இது? போய்ட்டு வர்றேன்னு சொல்லு" என்றாள். சொன்னான். "போய்ட்டு வா" என்று அவளும் பதில் சொல்லி அனுப்பினாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராமலிங்கம் அதைக் கேட்டான். ஆஸ்பத்திரிப் படியில் செல்லம்மாளும் "போறேன்" என்றுதான் சொன்னாள். மீதியைச் சொல்ல அவளுக்கு மூச்சு இல்லை. அவன் வாயிலிருந்து ஒரு பதிலுக்காகக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். வாயைத் திறந்தால் தானே அனுப்பி வைத்ததாகிவிடும் என்று பயந்து அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வழியனுப்ப ஆளில்லாமல்தான் அவள் உள்ளே போனாள்.

அவன் எழுந்து போய் அந்த இரண்டு எழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்தான். ஸ்டாண்டில் எல்லாரும் பார்த்தார்கள்; பார்க்கட்டும். "போய்ட்டு வா, செல்லம்" என்றான். சொல்லி முடித்ததும் குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுது ஓய்ந்து ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தபோது பஸ் தானாகவே முகத்தைத் திருப்பி, பள்ளிகொண்டா வழியாக ஒழுங்காக ஆம்பூர் வந்து சேர்ந்தது.

காலையில் பார்த்தால் 'செல்'லுக்குப் பக்கத்தில் அதே பொன்னிறத்தில் 'வா' என்று ஒட்டியிருந்தது. ஊரார் அதைச் சேர்த்து செல்வா என்று படித்தார்கள். ஆம்பளைப் பெயர்தானே என்று அக்தரி பேகத்துக்கும் நிம்மதி. விருந்தாளிகள் திரும்பி வர ஆரம்பித்ததில்தான் சிலருக்கு வருத்தம்.

"யாருப்பா இந்த செல்வா?" என்று அவள் ஒருநாள் ராமலிங்கத்தைக் கேட்டாள்.

"என் சம்சாரம்தான் பீபிம்மா. வெளியூர் போயிருக்கா, வருவா."

"வந்தா வூட்டுக்குக் கூட்டினு வா" என்று சொல்லிவிட்டு அக்தரி பேகம் உள்ளே போனாள். ராமலிங்கம் எழுத்தைத் துடைத்துவிட்டு ஏறினான். பஸ் வேலூருக்குப் போய்விட்டு வந்தது.