திங்கட்கிழமை வட்டம்

நான்காம் வகுப்பு வரை ஒரே டீச்சர். மூக்கைத் துடைத்துவிடுவதும் அவர்தான், கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவர்தான். ஐந்தாம் வகுப்பில் காலெடுத்து வைத்ததும் பாடத்துக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர் வந்து போவார்கள். ஒருவருக்கும் பிள்ளையின் பெயர் வாயில் வராது. முகப்பரு வருகிற, அம்மா வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் ஒரே நாளில் தோன்றுகிற வயதில்தான் இந்தக் கூத்து. அதற்காகத்தான் வகுப்பாசிரியை என்று ஒருத்தியை வைத்து, பதினோராம் வகுப்பு முடியும்வரை பிள்ளைகளை அவள் தலையில் கட்டிவிடுகிறார்கள்.

நாரின் என்ற மலையூரின் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அப்படி வாய்த்தவள் புருல்சா. கணக்கு டீச்சர், முப்பத்தைந்து வயது, வாய் கொஞ்சம் நீளம், மனசு நல்ல மனசு. அங்கே பிள்ளைகள் டீச்சரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சொல்லுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று உண்மையாகவே நினைத்தவள் அவள்.

செப்டம்பரிலிருந்து திங்கட்கிழமை முதல் பீரியடில் மேசைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னாள். யார் எதை வேண்டுமானாலும் பேசலாம், பேசியது வட்டத்தை விட்டு வெளியே போகாது என்று வாக்குக் கொடுத்தாள். மூன்று வாரம் பையன்கள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். நாலாவது வாரம் ஒரு தடியன் தன் நாய் செத்ததைச் சொல்லி அழுதான். அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பா அம்மா வேலைக்கு ரஷ்யா போயிருந்தார்கள். பேசுவதற்கா பஞ்சம்?

சாய்கல் மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பாள். வயது பதிமூன்று. பெற்றவர்கள் மாஸ்கோ போய் நாலு வருஷம். பெரியப்பா ஷர்ஷென் வீட்டில் இருந்தாள். அக்டோபர் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, பக்கத்திலிருந்த தோழி நாஸிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"நான் அடுப்படியிலதான் படுக்குறேன். அஞ்சு மணிக்கு எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டணும். அதெல்லாம் பரவால்ல. விருந்தாளி வந்தா மட்டும் என்னை உள்ள கூப்பிட மாட்டாங்க. இப்படி ஒருத்தி இருக்கான்னே சொல்ல மாட்டாங்க."

அம்மா போனில் கேட்டால் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடுவதாகவும் சொன்னாள். அவ்வளவுதான். ஆனால் மறுநாளிலிருந்து இடைவேளையில் அவளுக்கென்று யாராவது ஒரு துண்டு ரொட்டி எடுத்து வைத்தார்கள். கணக்குப் பீரியடில் முதல் முறையாகக் கை தூக்கினாள். விடை தப்பு. புருல்சாவுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

நவம்பரில் வீடு வீடாகப் போய் அறிக்கை எழுதும் வேலை வந்தது. பிள்ளை யாரோடு இருக்கிறது, எங்கே படுக்கிறது, பிள்ளை என்ன சொல்கிறது என்று கட்டம் கட்டமாக ஒரு தாள். அடியில் வீட்டுப் பெரியவர் கையெழுத்து. காகிதத்தில் இருந்தால்தான் பள்ளி விடுதியில் ஓர் இடம் கேட்க முடியும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். சாய்கலுக்கு அந்த இடம் கிடைத்தால் நாஸிக்கை விட்டும் பிரிய வேண்டாம், அடுப்படியிலும் படுக்க வேண்டாம். புருல்சா வட்டத்தில் கேட்டதை அப்படியே கட்டத்துக்குள் எழுதினாள்.

இதில் அவள் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. ஒன்பது வருஷமாக எத்தனையோ வீடு ஏறியிருக்கிறாள். ரொட்டியைப் பிட்டு வாயில் போடாமல் யாரும் விடமாட்டார்கள். தாளை நீட்டினால், விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு இன்னொரு கிண்ணம் டீ ஊற்றுவார்கள். படிப்பது டீச்சரைச் சந்தேகப்படுவது மாதிரி. ஒருவரும் படித்ததில்லை.

ஷர்ஷென் இருபது வருஷம் தபால் நிலையத்தில் இருந்தவர். கைக்கு வந்த தாளைப் படிக்காமல் விட அவருக்குத் தெரியாது. புருல்சா நீட்டியதும் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார். அப்போதுதான் அவளுக்கு வட்டத்தில் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. திரும்ப வாங்கிக்கொள்ளவும் கை நீளவில்லை. கெட்டிலோடு வாசற்படியில் நின்ற சாய்கல், பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள், பிறகு டீச்சரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவர் கடைசி வரி வரை படித்தார். அழகாகக் கையெழுத்துப் போட்டார்.

"டீ ஆறுது, குடிங்க. பிள்ள அடுப்படியிலதான் படுக்குது. இந்த வீட்டுல அங்க மட்டுந்தான் சூடு. அதையும் எழுதிக்குங்க."

வியாழக்கிழமை மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தார். தம்பி மகளைக் கொடுமைப்படுத்தினான் என்று ஊர் பேச அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியாதாம். தலாஸில் அவளுடைய அத்தை இருக்கிறாளாம். அது மலைக்கு அந்தப் பக்கம், ஒரு நாள் பயணம். புருல்சா கெஞ்சினாள், விடுதியைப் பற்றிச் சொன்னாள். விடுதியில் விட்டால் இன்னும் கேவலம் என்றார். மாஸ்கோவுக்குப் போன் போட்டாள். பெற்றவள் வேலைக்கு நடுவில் எடுத்து, வீட்டுக்காரரின் அண்ணன் பேச்சை மீற முடியாது என்று அழுதாள்.

சாய்கல் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது புருல்சா கதவைச் சாத்தி மன்னிப்புக் கேட்டாள். தன் தொழிலில் அதுவரை எந்தப் பிள்ளையிடமும் கேட்டதில்லை.

"நீங்க நல்லதுக்குத்தான் எழுதினீங்கக்கா, எனக்குத் தெரியும்" என்றாள் சாய்கல். புத்தகங்களை அளவுவாரியாக அடுக்கினாள். "அங்கயும் ஒரு டீச்சர் நல்லவங்களா இருப்பாங்கல்ல. அவங்ககிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

புருல்சா புத்தகங்களை எண்ணி அலமாரியில் வைத்தாள். 

அடுத்த திங்கட்கிழமை மேசைகளைத் தள்ளி வட்டம் போட்டார்கள். யாரும் முரண்டு பிடிக்கவில்லை, வழக்கத்தைவிட ஒழுங்காக உட்கார்ந்தார்கள். நாய் செத்ததற்கு அழுத பையனிடமிருந்து ஆரம்பித்தாள். நல்லா இருக்கேன் அக்கா என்றான். அடுத்தவளும் அதையே சொன்னாள், அதற்கடுத்தவனும் அதையே சொன்னான். அப்பா குடித்துவிட்டு அடிப்பதாகப் போன மாதம் சொன்ன பையனும் நல்லா இருப்பதாகவே சொன்னான். அவன் காதோரம் கன்றிப்போயிருந்தது.

கடைசியில் நாஸிக்கின் முறை. அவள் டீச்சரை நேராகப் பார்த்தாள்.

"வீட்டுல எல்லாரும் சௌக்கியம் அக்கா. எழுதிக்குங்க."

வட்டம் பத்தே நிமிஷத்தில் முடிந்துவிட்டது. இந்த இருபத்தாறு பிள்ளைகளோடு புருல்சாவுக்கு இன்னும் நாலரை வருஷம் பாக்கி இருந்தது.